வீட்டில் கட்டிய கேம்பிங் டிரெய்லருக்கு வெளிவிளக்குகள் பொருத்துவது எப்படி

நானே கட்டிய சிறிய கேம்பிங் டிரெய்லரின் கூண்டு வேலை முடிந்தபோது, வெளிவிளக்குகளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டிவிடலாம் என்று நம்பினேன். இரண்டு பின்விளக்கு, நான்கு வயர், ஒரு பிளக், அவ்வளவுதானே என்பது என் கணக்கு. அந்த வேலை ஐந்து வாரம் இழுத்தது. சாலைத் தகுதி ஆய்வில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். ஒட்டி முடித்த உட்சுவர் ஒன்றைப் பெயர்த்து மறுபடி ஒட்டவும் நேர்ந்தது. இத்தனைக்கும் நான் வாங்கிய விளக்குகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றைப் பொருத்திய இடமும், மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் வழியும்தான் என்னைப் படுத்தின. ஆகவே இந்த இரண்டைப் பற்றி விரிவாகவும், மற்றவற்றைப் பற்றித் தேவையான அளவிலும் எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுவது 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும், காரால் இழுக்கப்படும், ஓர் அச்சு கொண்ட சிறிய டிரெய்லர்களுக்குப் பொருந்தும். டிரெய்லரின் பிரேக் அமைப்பு தனி விஷயம். அதை நான் தொடவில்லை. உட்சுவர்ப் பலகைகளை நீங்கள் இன்னும் மூடவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும் வரை மூடாதீர்கள்.

1. விதிகளையும் ஆவணங்களையும் முதலில் சேகரியுங்கள்

டிரெய்லரை எங்கே பதிவு செய்யப்போகிறீர்களோ அந்த இடத்தின் விளக்கு விதிகளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உலகில் பெரும்பாலும் இரண்டு மரபுகள் காணப்படுகின்றன. ஒன்று அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரம் எண் 108. மற்றது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 48ஆம் ஒழுங்குமுறை. பல நாடுகள் இவற்றில் ஒன்றை ஏற்றோ, தழுவியோ தங்கள் விதிகளை எழுதியிருக்கின்றன. இரண்டையும் கலந்து படித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

ஆய்வுக்குக் கொண்டுசெல்ல ஒரு கோப்பைத் திறந்து, முதல் நாளிலிருந்தே நிரப்பி வாருங்கள். அதில் இருக்கவேண்டியவை: விளக்குகளின் இடங்களைத் தரையிலிருந்து உயரம், ஓரத்திலிருந்து தொலைவு ஆகிய அளவுகளுடன் காட்டும் வரைபடம்; ஒவ்வொரு விளக்கின் ரசீது; விளக்குக் கண்ணாடியில் பொறித்துள்ள அங்கீகாரக் குறியின் அண்மைப் புகைப்படம்; சுவர் மூடப்படுவதற்கு முன் எடுத்த வயர் ஓட்டத்தின் படங்கள்; டிரெய்லரின் எடைச் சீட்டு. கடைசியில் சொன்ன இரண்டையும் பின்னால் உருவாக்கிக்கொள்வது பெரும்பாடு. சுவரை மூடிய பிறகு வயரைப் படமெடுக்க முடியாது; எடை பார்க்க வேண்டுமென்றால் விளக்கில்லாத டிரெய்லரைச் சாலையில் இழுத்துச் செல்லவேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டு விடை பெற்றுவிடுங்கள்: பதிவாகாத டிரெய்லரை ஆய்வு நடக்கும் இடத்துக்கு எப்படிக் கொண்டுசெல்வது? தற்காலிக அனுமதியும் காப்பீடும் தேவைப்படலாம். அல்லது தட்டையான லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கலாம். இரண்டுக்குமே பணமும் நாளும் ஆகும். ஆய்வில் ஒரு முறை தோற்றால் இந்தச் செலவு அப்படியே இரட்டிப்பாகும் என்பதை என் பணப்பை நன்றாக அறியும்.

2. எந்த விளக்கு, எந்த நிறம், எந்த இடம்

பின்பக்கத்தில் இரு ஓரங்களிலும் சிவப்புப் பின்விளக்கு, சிவப்பு பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர் ஆகியவை வேண்டும். எண்பலகையின் மேல் வெள்ளை ஒளி விழவேண்டும். பக்கவாட்டில் ரிஃப்ளெக்டர்கள் தேவை. அமெரிக்க மரபில் பக்கவாட்டின் முன்முனையில் ஆரஞ்சு மஞ்சளும் பின்முனையில் சிவப்பும் கொண்ட அடையாள விளக்குகளும் கட்டாயம். ஐரோப்பிய மரபில் பக்க அடையாள விளக்கு 6 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத்தான் கட்டாயமாகிறது. ஆனால், சந்திப்புகளில் குறுக்கே வருபவர் முதலில் பார்ப்பது டிரெய்லரின் பக்கவாட்டைத்தான் என்பதால், சிறிய டிரெய்லராக இருந்தாலும் நான் அதை வைக்கவே சொல்வேன்.

ஐரோப்பிய மரபில் வேறு சில வேறுபாடுகளும் உண்டு. பின்பக்க ரிஃப்ளெக்டர்கள் முனை மேல்நோக்கிய சமபக்க முக்கோணமாக, ஒரு பக்கம் 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். முன்பக்கத்தில் வெள்ளை ரிஃப்ளெக்டர்கள் வேண்டும். டிரெய்லரின் அகலம் 1.6 மீட்டரைத் தாண்டினால் முன்பக்கம் வெள்ளை நிலைவிளக்குகளும் வேண்டும். பின்பக்கம் சிவப்புப் பனிமூட்ட விளக்கு ஒன்றாவது இருக்கவேண்டும். அது பிரேக் விளக்கிலிருந்து 100 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கவேண்டும். அமெரிக்க மரபில் அகலம் 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர், அல்லது அதற்கு மேல் போனால் மேல் ஓரங்களில் அகலம் காட்டும் விளக்குகளும், பின்பக்க நடுவில் வரிசையாக 3 சிவப்பு விளக்குகளும் சேரும். மட்கார்டையும் சேர்த்தே அகலத்தை அளக்கவேண்டும். கூண்டை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் ஆய்வு நாளில் மாட்டிக்கொள்வார்கள்.

உயர அளவு: அமெரிக்கத் தரத்தில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் தரையிலிருந்து 15 அங்குலத்துக்கும் 72 அங்குலத்துக்கும் இடையில் இருக்கவேண்டும், இண்டிகேட்டருக்கு மேல் எல்லை 83 அங்குலம், ரிஃப்ளெக்டருக்கு 60 அங்குலம். ஐரோப்பிய ஒழுங்குமுறையில் பின்விளக்குக்குப் பொதுவாக 350 முதல் 1500 மில்லிமீட்டர் வரை. வெளி ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்குள். இரு விளக்குகளின் உள் ஓரங்களுக்கிடையே குறைந்தது 600 மில்லிமீட்டர். கட்டுமானத் தாங்கிகளின் மேல் டிரெய்லர் நிற்கும்போது எடுத்த அளவு செல்லாது. சக்கரம் மாட்டி, காற்று நிரப்பி, சமதரையில் நிறுத்தி அளக்கவேண்டும்.

நிறத்தில் ஒரு பொது விதியை மனத்தில் வையுங்கள். பின்னோக்கி வெள்ளை ஒளி வீசலாம் என்றால், அது பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்கும் எண்பலகை விளக்கும் மட்டுமே. முன்னோக்கிச் சிவப்பு கூடவே கூடாது. கதவுக்கு மேல் அழகுக்காக வைக்கும் வெள்ளை விளக்கும், சமையல் பகுதிக்கு மேல் ஒட்டும் எல்இடி பட்டையும் ஓட்டத்தின்போது அணைந்திருக்கவேண்டும். அவற்றை உள் பேட்டரியோடு மட்டும் இணையுங்கள். சாலை விளக்குகளின் சுற்றோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள்.

3. பின்பக்க வளைவு வைக்கும் பொறி

வீட்டில் கட்டும் டிரெய்லர்களில் பல, கண்ணீர்த்துளி வடிவில் பின்பக்கம் வளைந்து இறங்குபவை. என்னுடையதும் அப்படியே. பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த வளைவின் மேல் இரு பக்கமும் வட்ட விளக்குகளைப் பதித்தேன். மாலையில் எரியவிட்டுப் பார்த்தபோது வானத்துக்கு எரிந்தன. அந்த இடத்தில் வளைவு செங்குத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்ந்திருந்தது. விளக்கின் கண்ணாடி, தன் ஒளியை நேர்பின்னாகவும் அதற்கு மேலும் கீழும் 15 பாகை அளவிலும் காட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டது. 30 பாகை சாய்த்துவிட்டால், பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டுவது ஓரத்து மங்கல் ஒளி மட்டும்தான். ஆய்வாளர் பத்தடி பின்னால் போய்க் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் தாளில் குறித்தார். முதல் தோல்வி அதுதான்.

தீர்வுகள் மூன்று. முதலாவது, விளக்குகளைக் கூண்டில் வைக்காமல் சேஸியின் பின் குறுக்குச் சட்டத்தில் செங்குத்தான தகட்டுத் தாங்கி பற்றவைத்துப் பொருத்துவது. இதுதான் மிக உறுதியானது. வயர் தூரமும் குறைகிறது. ஆனால் உயரத்தின் கீழ் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது, மட்கார்டின் பின் முகத்தில் வைப்பது. அங்கே அதிர்வும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் அதிகம் என்பதால் மட்கார்டைத் தடித்த தகட்டில் செய்திருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். மூன்றாவது, வளைவின் மேலேயே ஆப்பு வடிவக் கட்டை ஒன்றை வைத்து, விளக்கின் முகத்தைச் செங்குத்தாக்குவது. நான் கடைசியில் இதைத்தான் செய்தேன். ஏற்கெனவே துளையிட்டுவிட்டதால் வேறு வழியில்லை. ஆப்பைத் தடித்த பாலிஎத்திலீன் பலகையில் வெட்டினால் நீர் ஊறாது. மரத்தில் வெட்டினால் எப்பாக்ஸி பூசி எல்லாப் பக்கமும் மூடவேண்டும். அட்டையில் ஓர் ஆப்பை வெட்டி வைத்து, நீர்மட்டக் கருவியால் முகம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பலகையில் கை வையுங்கள்.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் டிரெய்லராக இருந்தால் அந்தக் கதவில் விளக்குகளைப் பொருத்தாதீர்கள். கதவு திறந்திருக்கும்போது விளக்கு மறைந்துவிடும். கீல் பக்கம் தினமும் மடங்கும் வயரும் விரைவில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும்.

பிறகு, வழியில் எது மறைக்கும் என்று பாருங்கள். மாற்றுச் சக்கரம், சைக்கிள் தாங்கி, ஏணி, தண்ணீர் கேன் ஆகியவற்றை அவற்றின் இடத்தில் மாட்டிவிட்டு, பின்னாலும் பக்கவாட்டிலும் நடந்து பாருங்கள். என் இரண்டாவது தோல்விக்குக் காரணம் மாற்றுச் சக்கரம். முதல் ஆய்வுக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன். இரண்டாவது முறை மாட்டிக்கொண்டு போனேன். இடப்பக்க ரிஃப்ளெக்டரில் பாதியை அது மறைத்தது. எண்பலகையின் மேல் நிழலும் விழுந்தது. வண்டியை அங்கேயே திருப்பிக்கொண்டு வந்தேன்.

4. இழுக்கும் வண்டியின் சாக்கெட்டை அறியுங்கள்

இங்கும் இரண்டு மரபுகள் மோதிக்கொள்கின்றன. அமெரிக்க முறையின் தட்டையான நான்கு முனை இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கும் பக்க விளக்குகளும், மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். மஞ்சளும் பச்சையும் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பொதுவானவை. ஒரே சிவப்பு விளக்குதான் இரண்டு வேலையையும் செய்கிறது. ஐரோப்பிய ஏழு முனை இணைப்பில் மஞ்சள் இடப்பக்க இண்டிகேட்டர், பச்சை வலப்பக்க இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், கறுப்பு இடப்பக்கப் பின்விளக்கு, பழுப்பு வலப்பக்கப் பின்விளக்கு, நீலம் பனிமூட்ட விளக்கு, வெள்ளை எர்த். இதில் பிரேக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி.

ஒரே நிறம் இரண்டு முறைகளில் இரண்டு பொருள் தருவதைக் கவனியுங்கள். ஐரோப்பிய முறையில் பனிமூட்ட விளக்கு என்று பொருள்படும் நீலம், அமெரிக்க ஏழு முனை இணைப்பில் மின்சார பிரேக்குக்குரியது. ஒரு முறையின் படத்தைப் பார்த்து மறுமுறையின் பிளக்கை இணைத்தால் விபரீதம் நேரலாம். ஆகவே படத்தை நம்புவதற்கு முன் சாக்கெட்டை அளந்து பாருங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு விளக்காகப் போடட்டும். நீங்கள் டெஸ்ட் விளக்கை எர்த் முனையில் கவ்விவைத்து, எந்த முனையில் மின்சாரம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரெய்லருக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

காரில் இண்டிகேட்டர் தனியாகவும் டிரெய்லரில் பொதுவாகவும் இருந்தால், இடையில் மாற்றுக் கருவி ஒன்று வேண்டும். பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகையையே வாங்குங்கள். காரின் விளக்கு வயர்களிலிருந்தே சுமையை இழுக்கும் மலிவான வகை, புதிய கார்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொந்தரவு செய்யும். பேட்டரி வயரில் தயாரிப்பாளர் சொல்லும் அளவு ஃபியூஸ் ஒன்றைப் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தொலைவுக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முந்தைய வயர்த்துண்டுக்கு எந்தக் காப்பும் கிடையாது.

5. எதில் செலவு செய்வது, எதில் மிச்சப்படுத்துவது

விளக்கு வாங்கும்போது முதலில் கண்ணாடியில் உள்ள அங்கீகாரக் குறியைப் பாருங்கள். ஐரோப்பிய மரபில் வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க விளக்குகளில் எஸ்ஏஇ (SAE) என்ற எழுத்துகளும் எந்த வேலைக்கான விளக்கு என்று காட்டும் குறியீடும் இருக்கும். குறி எதுவும் இல்லாத மலிவு விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் ஆய்வில் அதை விளக்காகவே கணக்கில் கொள்ளமாட்டார்கள். அலங்கார எல்இடி பட்டைகளுக்கும் இதே கதிதான்.

எல்இடியா, பல்பா என்றால் என் ஓட்டு எல்இடிக்கு. முழுதும் அடைக்கப்பட்ட எல்இடி விளக்கு அதிர்வையும் ஈரத்தையும் தாங்குகிறது. ஆனால் ஒன்று பழுதானால் விளக்கையே மாற்றவேண்டும் என்பதால், கூடுதலாக ஒன்றை ஒரே நேரத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே மாதிரி கிடைக்காமல் போகலாம். எல்இடி குறைந்த மின்சாரமே எடுப்பதால், சில கார்கள் பல்பு எரிந்துபோனதாக நினைத்து இண்டிகேட்டரை இரட்டை வேகத்தில் துடிக்கவிடும். நிமிடத்துக்கு 60 முதல் 120 துடிப்பு என்பதுதான் சரியான வேகம். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றுக் கருவி பல கார்களில் இந்தத் தொல்லையையும் தீர்த்துவிடுகிறது. பல்பு அளவுக்கு மின்சாரத்தை இழுத்துக் காரை ஏமாற்றும் சுமைத் தடையம் வைத்துத்தான் தீர்க்கவேண்டும் என்றால், அதைச் சேஸி இரும்பில் திருகுங்கள். 6 ஓம் தடையம் 12 வோல்ட்டில் 24 வாட் வெப்பத்தை உமிழும். ஒட்டுப்பலகையில் வைத்தால் பலகை கருகும்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. பலவிழை செம்பு வயர் மட்டுமே உகந்தது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். என் செலவுப் பட்டியலைப் பின்னால் கூட்டிப் பார்த்தபோது, விளக்குகளுக்கு ஆனதும் வயர், இணைப்பிகள், காப்புக் குழாய், பிளக் ஆகியவற்றுக்கு ஆனதும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. தொடக்கத்தில் இவற்றுக்கு நான் ஒதுக்கியிருந்தது விளக்குச் செலவில் நான்கில் ஒரு பங்குதான். இணைப்பியை வயர் முனையில் நசுக்கி இறுக்கும் நல்ல கிரிம்ப் கருவி ஒன்றும், சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். இரண்டையும் இரவல் வாங்கினாலும் போதும்.

6. வயரின் தடிப்பும் ஓடும் வழியும்

மெல்லிய வயர் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு கணக்கு. பிளக்கிலிருந்து பின்விளக்கு வரை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டு சேர்ந்து 3.5 ஆம்பியர் எடுக்கும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போகும் வழியில் 0.7 வோல்ட்டும், திரும்பும் வழியில் இன்னொரு 0.7 வோல்ட்டும் வீணாகும். பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைவதால், இந்த 12 விழுக்காட்டு இழப்பு வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எல்இடியில் இந்த இழப்பு பொருட்டல்ல. ஆனால் மெல்லிய வயர் இழுபட்டால் அறுந்துபோகும் என்பது மாறவில்லை. எனவே போகும் வயர்கள் 1.5 சதுர மில்லிமீட்டர், எர்த் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சில வயர்களின் தடிப்பைக் காப்புறையையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள்; செம்பின் குறுக்களவைக் கேட்டு வாங்குங்கள்.

வயரைச் சேஸியின் உட்பக்கமாக, நெளிவுக் குழாய்க்குள் ஓட்டுங்கள். சேஸிக் குழாய்க்குள்ளே ஓட்டுவதாக இருந்தால் ஒரு நைலான் கயிற்றையும் கூடவே இழுத்து உள்ளே விட்டுவையுங்கள். நாளை இன்னொரு வயர் தேவைப்பட்டால் அதைக் கட்டி இழுக்கலாம். இரும்பைத் துளைத்து வயர் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் கட்டாயம். அச்சும் வில்லும் மேலும் கீழும் அசையும் இடத்தில் வயர் அவற்றைத் தொடாதபடி மேலே தூக்கிக் கட்டுங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கவ்வி போடுங்கள். விளக்குக்குள் நுழைவதற்கு முன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயரைப் பிடித்து இறங்கும் மழைநீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும்.

இணைப்புக் கம்பத்தில் பிளக் வயருக்கு எவ்வளவு தளர்ச்சி தேவை என்பதை ஊகிக்காதீர்கள். டிரெய்லரைக் காரில் மாட்டி, இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வயர் இறுகவும் கூடாது, தரையைத் தொடவும் கூடாது.

7. எர்த்: வேலையின் பாதி இங்கேதான்

முதல் சோதனை மாலையில் என் மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பின்விளக்குகள் நன்றாக எரிந்தன. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டாள், சரியாகத் துடித்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்த கணத்தில் பின்விளக்குகள் மங்கின, வலப்பக்க இண்டிகேட்டர் மெல்லிய வெளிச்சத்தோடு சேர்ந்து துடித்தது, பக்க விளக்குகளும் அதற்குத் தாளம் போட்டன. "அப்பா, காருக்குள்ள ஏதோ டிக்டிக்னு மாறி மாறிக் கேக்குதுப்பா" என்று அவள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். வயர்களைத்தான் மாற்றி இணைத்துவிட்டேன் என்று எண்ணி, இரண்டு மாலைகள் பிளக்கைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தேன். வயர்கள் சரியாகவே இருந்தன.

ஒரு விளக்கைப் போட்டால் தொடர்பில்லாத இன்னொன்று எரிகிறது அல்லது மங்குகிறது என்றால், எர்த் கெட்டிருக்கிறது என்று உறுதியாகச் சந்தேகிக்கலாம். திரும்பிச் செல்ல நல்ல வழி கிடைக்காத மின்சாரம், அடுத்த விளக்கின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. என் டிரெய்லரில் எர்த் வயரின் வளையத்தைப் பெயின்ட் அடித்த சேஸியின் மேலேயே திருகியிருந்தேன். திருகைக் கழற்றியபோது வளையத்தின் அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. திருகின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சரியான முறை இது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் ஓட்டி, அவை அனைத்தையும் முன்பக்கத்தில் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து பிளக்கின் வெள்ளை வயருக்குக் கொண்டுசெல்லுங்கள். மரக் கூண்டிலும் கண்ணாடியிழைக் கூண்டிலும் இதைத் தவிர வேறு வழியே இல்லை. இரும்புக் கூண்டாக இருந்தாலும் சேஸியை மட்டும் நம்பாதீர்கள். சேரும் இடத்தில் சேஸியையும் ஒரு வயரால் இணைத்துவிடுங்கள்: பெயின்ட்டைப் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து, முடுக்கிய பிறகு அதன் மேல் பெயின்ட் பூசுங்கள். கொக்கியின் உருண்டை வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று எண்ணவேண்டாம். அதில் கிரீஸும் துருவும் இருக்கின்றன, ஒவ்வொரு குலுக்கலிலும் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

அளந்து உறுதிசெய்வதும் எளிது. எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, மல்டிமீட்டரை டிசி (நேர்மின்னோட்ட) வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பின்விளக்கின் எர்த் முனையிலும் மறு முனையைப் பிளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என்னுடையது 3.1 காட்டியது. விளக்கு எரியாதபோது ஓம் அளந்து பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு செம்பிழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும்.

8. இணைப்புகளும் நீர்க்காப்பும்

வயரைக் கத்திபோல் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்விகளை அறவே தவிருங்கள். சில இழைகளை அவை வெட்டிவிடுவதோடு, ஈரத்தையும் உள்ளே விடுகின்றன. உள்ளே பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் இணைப்பிகளைப் பயன்படுத்தி, முதலில் கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, பிறகு சூடாக்குங்கள். இரு ஓரங்களிலும் பசை ஒரு மணியாகப் பிதுங்கி வந்தால் அடைப்பு முழுமை. பற்றாசு மட்டும் போட்டுவிட்டால், பற்றாசு முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் முறியும்.

விளக்கைப் பொருத்தும்போது ஒட்டுப்பலகைத் துளையின் உள் விளிம்பில் எப்பாக்ஸி பூசிக் காயவிடுங்கள். விளக்கின் அடியில் நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டையான பியூட்டைல் பட்டை வையுங்கள். மேல்பக்கத்தையும் இரு ஓரங்களையும் அடைத்துவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியிருக்காது. புளிக்காடி மணம் வரும் சிலிக்கோனைச் செம்பின் அருகே பயன்படுத்தக் கூடாது. அது காயும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரித்துப் பச்சைப் பூஞ்சணம்போல் ஆக்கிவிடும்.

9. சோதனை

காரில் மாட்டுவதற்கு முன், ஃபியூஸ் வைத்த 12 வோல்ட் பேட்டரியால் டிரெய்லரின் பிளக்கில் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள். ஏதாவது தவறு இருந்தால் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பதிலாக ஒரு ஃபியூஸ் போகும். அடுத்து காரில் மாட்டி, தனித்தனியாகவும் சேர்த்தும் பாருங்கள்: பின்விளக்கு மட்டும், அதோடு பிரேக், அதோடு இடது இண்டிகேட்டர், பிறகு வலது, பிறகு நான்கும் ஒன்றாகத் துடிக்கும் அபாய விளக்கு. தனித்தனியே சரியாக எரிந்து, சேர்த்துப் போடும்போது தடுமாறினால் மேலே சொன்ன எர்த் பகுதிக்குத் திரும்புங்கள். பிரேக் விளக்கை நண்பகல் வெயிலில் 15 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பின்விளக்கோடு சேர்த்து எரியும்போது பிரேக் தெளிவாகத் தனித்துத் தெரியவேண்டும்.

பின்னர் தோட்டக் குழாயால் பத்து நிமிடம் நீர் அடித்து, மறுநாள் விளக்கின் உள்ளே ஆவி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

10. நாள் கணக்கும் ஆய்வு நாளும்

நிதானமாகச் செய்தால் இப்படி ஆகும்: விதி படித்து வரைபடம் போட இரண்டு மாலைகள், தாங்கியும் ஆப்பும் செய்து துளையிட ஒரு நாள், எப்பாக்ஸியும் பசையும் காய ஒரு நாள் சும்மா விடவேண்டும், வயர் ஓட்டவும் இணைக்கவும் ஒரு முழு நாள், சோதனைக்கு அரை நாள். ஆய்வுக்கான தேதியைச் சோதனை முடிந்த பிறகே பதிவு செய்யுங்கள். தேதியை முன்னால் வாங்கிவிட்டு வேலையை அதற்குள் திணித்ததால்தான் நான் பெயின்ட்டைச் சுரண்டாமல் எர்த்தைத் திருகினேன்.

ஆய்வுக்குப் போகும்போது மாற்றுச் சக்கரம் உட்பட எல்லாம் மாட்டிய நிலையில் செல்லுங்கள். கோப்பு, அளவு நாடா, டெஸ்ட் விளக்கு, கூடுதல் ஃபியூஸ்கள், ஈரத்துணி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சேறு படிந்த ரிஃப்ளெக்டர் ஒளியைத் திருப்பாது; உள்ளே நுழைவதற்கு முன் எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்துவிடுங்கள். உயரம் பற்றிக் கேள்வி எழுந்தால் வாதாடாமல் வரைபடத்தைக் காட்டி அங்கேயே அளந்து காட்டுங்கள். மூன்றாவது முறை என் ஆய்வு இருபது நிமிடத்தில் முடிந்தது. அதில் பாதி நேரம் சுவருக்குள் ஓடும் வயரின் படங்களைப் பார்ப்பதில் கழிந்தது.

தகுதிச் சான்று கிடைத்த பிறகு முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, விளக்குகளின் திருகுகளையும் எர்த் சேரும் இடத்துத் திருகையும் மறுபடி முடுக்குங்கள். என் டிரெய்லரில் அந்த முதல் ஓட்டத்திலேயே இரண்டு திருகுகள் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. பிளக்கைக் கழற்றி வைக்கும்போது அதன் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கம்பத்தில் ஒரு வெற்றுச் சாக்கெட்டைத் திருகி, அதில் செருகி வையுங்கள்.